வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

என் செல்ல மகளுக்கு,

படித்ததும் இதை உன் ஆபீஸ் தோழியிடமே திருப்பிக் கொடு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

நேற்று உன் புருஷன் நம் கடைக்கு வந்து, பெரிய தாழ்ப்பாளாகக் கேட்டார்.

"எந்தக் கதவுக்கு மாப்பிள்ளை?"

"பெட்ரூமுக்கு அத்தை. காத்துல அடிச்சுக்குது. வெளிப்பக்கம் மாட்டணும்."

போல்ட் போட்டால் நட்டு உள்பக்கம் வரும் என்றேன். "ஐயோ, வேண்டாம். உள்ளேருந்து கழட்டிடலாமே" என்றார்.

காற்று எப்போதடி நட்டைக் கழற்றியது?

அலமாரி நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைதான் வரும்" என்று சிரித்து அனுப்பினேன். இருபது வருஷத்தில், கேட்ட பொருளை வைத்துக்கொண்டே இல்லை என்றது இதுதான் முதல் தடவை.

நான் குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்துவதில்லை என்று கேலி செய்வாயே. உன் அப்பாவோடு இருந்தவரை என் அறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியேறி இத்தனை காலமாகியும், போன மாதத்திலிருந்துதான் பாதி சாத்தப் பழகுகிறேன்.

நாளை அவர் வேலைக்குப் போனதும் வேனோடு உன் வாசலில் நிற்பேன். என் சந்தேகம் தப்பென்றால், திட்டிவிட்டு ஒரு காபி கொடு. சரியென்றால் எதையும் விளக்க வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஏறு.

அம்மா