லீவில் வந்த மிஸ்ஸி

என் பேத்தி நுஸ்ரா மகளுக்கு மூத்தும்மாவின் ஸலாம்.

மூன்று நாள் லீவில் வந்த நீ, மறுநாளே "ஆஸ்பத்திரி வாட்டில ஆள் இல்லையாம் மூத்தும்மா" என்று பஸ் ஏறினாய். பிறகு உன் கூட்டாளிப் பிள்ளை உனக்குத் தெரியாமல் எனக்குப் போன் எடுத்தாள். "வேலைக்கு வரல்ல. ரெண்டு நாளும் போடிங் அறையில சாப்பிடாமப் படுத்துக் கிடந்தா" என்றாள். நீ இங்கே வந்த அன்று காலை உன் கையில் ஒரு குழந்தை உயிர் போய் மவுத்தானதையும் அவள்தான் சொன்னாள்.

அன்று கிளினிக் கொப்பியோடு வாசலில் நின்ற பதினொரு பேரையும் வரச் சொன்னது நான்தான். நம் குறிஞ்சிப்பிட்டியில் வேறு யார் வீட்டில் நர்ஸ் படித்த மிஸ்ஸி இருக்கிறாள் என்ற பெருமை எனக்கு. நீ ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்த்தாய். உன் சோறு ஆறியதைக் கண்டும் நான் பேசாமல் இருந்தேன்.

நேற்று பக்கத்து வீட்டு ஜெமீல் ரிப்போட்டோடு வந்து, "பேத்தி எப்ப வருவா?" என்றார்.

"அந்த வேலைய உட்டுட்டா. இப்ப கொழும்புல கந்தோர்ல எழுதுற வேல" என்றேன்.

"அப்ப படிச்சதெல்லாம் வீணாப் போச்சு" என்றார். ஊருக்கெல்லாம் இனி அதுதான் கதை. அந்தப் பொய்க்கு அல்லாஹ்விடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த லீவுக்கு வா. வந்து தூங்கு. சாப்பிடக்கூட உன்னை எழுப்பமாட்டேன்.

உன் மூத்தும்மா