கூடுதல் கணிதம்

தோழி,

இன்று கிள்ளான் மருத்துவமனையில் வேலை முடிந்து வெளியே வந்தபோது உன் மகள் எனக்காகக் காத்திருந்தாள். நெற்றியெல்லாம் தைல வாசனை. அட் மேத்ஸ் பரீட்சையன்று நீயும் இப்படித்தான் அப்பிக்கொண்டு வருவாய்.

“ஆன்டி, அட் மேத்ஸ விட்டுடவா? டாக்டருக்குப் படிக்க அது எதுக்கு லா?” என்றாள்.

பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும்போது கூடுதல் கணிதத்தைப் பற்றி நீ கேட்ட அதே கேள்வி. அதை விட்டால் உனக்கு எல்லாப் பாடத்திலும் ஏ வரும் என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். “பேரே கூடுதல் கணிதம்தானே? சோத்துக்கு அப்பளம் மாதிரி லா. இல்லாட்டியும் வயிறு நெறையும்,” என்று சிரித்தாய். அதற்குப் பதிலாகத் தமிழ் இலக்கியம் எடுத்தாய். நான் ஃபெயிலாகி ஃபெயிலாகி அட் மேத்ஸையே கட்டிக்கொண்டு அழுதேன். துணிச்சலெல்லாம் இல்லை, அப்பா விட விடவில்லை.

பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்தது. உனக்கு எல்லாம் ஏ. உன் அம்மா பள்ளி முழுக்க லட்டு கொடுத்தார். பல்கலைக்கழகம் போவதற்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மனுப் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அறிவியல் பிரிவுக்குக் கூடுதல் கணிதம் கட்டாயம் என்று. “கூடுதல்னுதானே சொன்னாங்க,” என்றாய். மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாய்.

எப்படியோ ஒரு பி வாங்கித் தப்பித்த நான் டாக்டரானேன். நீ பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலைக்குப் போனாய். என்ன கொடுமை பார். பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடச் சந்திக்கும்போதெல்லாம் வார்டு கதை கேட்பாய். நான் அலுத்துக்கொண்டால், “சும்மா இரு டீ, மேல சொல்லு,” என்பாய். போன வருடம் நீ கண்ணை மூடிவிட்டாய். இப்போது அந்தக் கதைகளை யாரும் கேட்பதில்லை.

உன் மகளிடம், “விட்டுடு, இந்த வேலையே உனக்கு வேணாம்,” என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவ்வளவு களைப்பு. சொல்லவில்லை.

“படிம்மா. டாக்டர் வேணாம்னா அப்புறமா நீயே வேணாம்னு சொல்லிக்கலாம். உங்கம்மாவுக்கு அதுகூட கெடைக்கல,” என்றேன்.

முறைத்தாள். சனிக்கிழமை புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறாளாம். எனக்குச் சூத்திரம் ஒன்றுகூட நினைவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

ரொம்பச் சோர்வாக இருக்கிறது, டீ. வேலையை விட்டுவிடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது. உடனே உன் நினைப்பு வரும். இப்படிச் சலித்துக்கொள்ளக்கூட உனக்கு வாய்க்கவில்லையே. மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறேன்.