வாரிசுப் பெயர்

அன்பு மகனுக்கு,

அல்லாஹ்வின் கருணையால் இங்கே இருவரும் சுகம். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல ஷம்ஷாத் எழுதுவாள். இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய பணத்தை உன் சேமிப்புக் கணக்கில் போட நேற்று இருவரும் தபால் ஆபீஸுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க பையனுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சே, வாரிசா இன்னும் உங்க பேர்தானே இருக்குது? பட்டாளத்துல இருக்கறவரு, நாளைக்கு..." என்றார். மேற்கொண்டு பேச நான் விடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். என் பெயர்தான் இருக்கிறது என்றதும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது ஷம்ஷாத் அவரிடம் மெதுவாக, "மாமி பேரே இருக்கட்டும்ங்க. மாத்தினா அவங்க மனசு கஷ்டப்படும்" என்றாள். நான் பார்த்த பெண்ணை வேண்டாமென்று நீ இவளைக் கட்டிக்கொண்டதற்காக நான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது.

அங்கேயே படிவம் வாங்கி, இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. எனக்கு என் வளையல் கடை போதும். இந்தக் கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு வியாபாரம் ஜாஸ்தி.

இத்தனை நாள் யார் கேட்டாலும், "பையன் கூட்டிட்டு வந்த பொண்ணு" என்றுதான் சொல்வேன். திரும்பும்போது பூக்காரி, "யாரும்மா இது?" என்று கேட்டாள்.

"என் மருமவ" என்றேன்.

வீடு வரும்வரை ஷம்ஷாத் என் கையை விடவில்லை.

உன் லீவுக்காகக் காத்திருக்கும்
அம்மா