போஞ்சி விதைப் பாஸ்தா

14 நவம்பர் 1995, செவ்வாய். ஹனோவர்.

மகனோடு இருக்க இங்கே வந்ததிலிருந்து, போஞ்சி விதை போட்டுக் குழைய அவித்த பாஸ்தாவைத் தேடுகிறேன். முன்பு பீலெஃபெல்ட் நகரில் நான் கோப்பை கழுவிய இத்தாலியக் கடையில், கடை திறக்குமுன் முதலாளியம்மா எங்களுக்கு அதைத்தான் ஆக்குவா. எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம்.

இன்று ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் இத்தாலியக் கடைக்குள் போனேன். பரிமாறுபவர் என்னை வேலை கேட்டு வந்தவன் என்று நினைத்து, நேரே குசினிக்குள் கூட்டிப்போனார். மறுத்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அங்கே சமைப்பவர் ஒரு தமிழர்.

"அண்ணை, இந்த வயசில கோப்பை கழுவ ஏலுமோ?"

"இல்லைத் தம்பி, சாப்பிட வந்தனான்."

அவர் பதறிவிட்டார். "உங்களைப் போய்க் குசினிக்குள்ள விட்டிருக்கிறான், விசரன். முன்னுக்கு வந்து இருங்கோ."

அவருக்குப் பின்னால் வேலையாட்கள் ஒரு பானையைச் சுற்றி இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தேடிய அதே பாஸ்தா. ஒரு கதிரை வெறுமையாகவும் இருந்தது. எனக்கும் கொஞ்சம் போடுங்கோ என்று கேட்டிருக்கலாம். ஏன் வாய் வரவில்லை?

வெள்ளைத் துணி விரித்த மேசையில் என்னைத் தனியே இருத்தி, இறாலும் கிரீமும் போட்ட எதையோ கொண்டுவந்து வைத்தார். உள்ளே அவர்கள் சிரிப்பது கேட்டது. மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.

வெளிக்கிடும்போது காசு வாங்க மறுத்துவிட்டார். "எங்கட ஆக்களிட்டை வாங்கிறதோ, அண்ணை?"

நல்ல மனிதர். ஆனால் இனி அங்கே எந்த முகத்தோடு போவது? ஓசியில் சாப்பிடக் கிழவன் திரும்பவும் வந்திட்டான் என்று நினைக்கமாட்டாரா?