உயிரோடு இருப்பவருக்கு ஏற்றிய ஊதுபத்தி

சான் பிரான்சிஸ்கோ,
11 மார்ச் 1991

மதிப்புக்குரிய பெரிய பாட்டிக்கு,

உங்கள் தங்கையின் பேத்தி சுக் லிங் வணங்கி எழுதுவது. இதைப் படித்துக்காட்டும் பெரியம்மா, என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

பாட்டி இறந்து இன்றோடு முப்பத்தொரு நாள். வீட்டில் பாட்டி பெயர் எழுதிய படையல் பலகை வைத்து, ஏழு நாளுக்கு ஒருமுறை காகிதத் துணி, காகித வீடு, ஒரு காகிதத் தையல் மெஷின்கூட, அங்கே அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று எரித்தோம். அதைப் பார்த்து அப்பா, "அங்கேயும் போயி அவங்க தைக்கணுமா? எடுத்துப் போடு!" என்று கத்தினார். அதற்குள் எரிந்துவிட்டது.

முதல் படையலைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினோம். அதைப் பார்த்துத்தான் பெரியம்மா போனில் அலறினார்: "உசிரோட இருக்கிறவங்க பேரை எழுதி ஊதுபத்தி ஏத்தியிருக்கீங்களே, பாவிங்களா! அது எங்க மாமியார் பேருடி!"

ஓடிப்போய்ப் பாட்டியின் காகிதங்களைப் புரட்டினேன். பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் மாக் சியூ யிங் என்றுதானே இருக்கிறது! அப்பாவைக் கேட்டேன். "நான் அம்மான்னுதானே கூப்பிட்டேன்" என்று விழித்தார். பெரியவர்கள் பெயரை வாயில் எடுக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவர்கூடக் கேட்டதில்லை. தாத்தா போய்ச் சேர்ந்தும் இருபது வருடம் ஆகிறது.

இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிகிறது. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்தநாளன்று பாட்டிக்கு முட்டை அவித்து வைப்போம். "இன்னிக்கு எனக்கு ஒண்ணுமில்ல" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார். முப்பத்தாறு வருடம் தையல் ஃபாக்டரியில் ஜிப் தைத்தார், வீட்டுக்கு வந்தும் உட்காராமல் இறால் உரித்தார். விரலில் ஊசி ஏறிய அன்றுகூடத் துணியைச் சுற்றிக்கொண்டு மெஷினை மிதித்தவர். வருடா வருடம் உங்களுக்கு ஒரு பஞ்சுக் கோட்டு தைத்து அனுப்புவார். அளவு கேட்டால், "அக்காவுக்கு என் அளவுதான்" என்பார். தனக்கு ஒன்று தைக்கச் சொன்னால் முறைப்பார்.

கடைசி வாரம் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்த பாட்டியிடம் நர்ஸ் பெயர் கேட்டார். பாட்டி ஒப்பித்தார்: "மாக் சியூ யிங். மூத்த பொண்ணு. கிணறு வீட்டுக்குக் கிழக்கால. வாசப்படி மூணு." ஊர் நினைப்பில் உளறுகிறார் என்று நாங்கள் சிரித்தோம் பெரிய பாட்டி. கப்பலை விட்டு இறங்கியதும் அதிகாரிகள் குடைவார்கள் என்று உங்கள் வாழ்க்கையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர், நாற்பது வருடம் கழித்தும் அந்த மேஜை முன்னால்தான் நின்றிருக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

தாத்தாவுக்குப் பேசிய பெண் நீங்கள்தான், இங்கே வருவதற்கான கல்யாணக் காகிதமும் உங்கள் பெயரில்தான் வந்தது, அதை வைத்துத்தான் பாட்டி கப்பல் ஏறினார் என்று பெரியம்மா சொன்னார். நீங்கள் விட்டுக்கொடுத்தீர்களா, அவர் பறித்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் உரிமை இல்லை. பலகையை அன்றே எடுத்துவிட்டோம். உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அப்பா கோயிலில் விழுந்து கிடந்தார்.

சொந்தப் பெயரில் எரிக்காதது எதுவும் போய்ச் சேராது, நாற்பத்தொன்பதாம் நாளோடு வழியும் அடைபடும் என்கிறார் சடங்கு செய்பவர். அப்படியானால் பாட்டி ஒரு மாதமாக அங்கே வெறுங்கையோடு நிற்கிறார். இன்னும் பதினெட்டு நாள்தான். போனில் கூப்பிட்டால் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்களாம். மருந்துக்கடை வோங் நாளை ஊருக்கு விமானம் ஏறுகிறார். இதை அவர் கையில் கொடுக்கிறேன். நீங்கள் வாய் திறக்கும்வரை உங்கள் வாசலிலேயே இருப்பார்.

எங்களைத் திட்டுங்கள். பாட்டியையும் ஆசை தீரத் திட்டுங்கள். ஆனால் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் திட்டுங்கள், வோங் எழுதிக்கொள்வார்.

அந்தக் காலத்து ஆட்கள் ஊரில் வேறு யாரும் இல்லை என்று கேள்விப்பட்டேன். குளிரும் இன்னும் விடவில்லையாமே. வெந்நீரே குடியுங்கள். படி இறங்கும்போது யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் பெரிய பாட்டி, கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் காலில் விழும்,
சுக் லிங்