கொக்கின் கறுப்புப் படங்கள்

மார்ச் 4

கேலரிக்காரர் போன் செய்தார். கொக்கின் கடைசிப் படங்களை மே மாதம் காட்சிக்கு வைக்கிறாராம். காட்சிக் கையேட்டில் படங்களைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். "இத்தனை வருஷமா ஒரே ஸ்டூடியோவுல வேலை பார்த்தவங்க நீங்க. உங்களை விட்டா யாரு எழுதுவா?" சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒற்றைக் காலில் நின்று வரைவான் என்பதால் கல்லூரியில் அவனுக்கு வைத்த பெயர் கொக்கு. அவன் அம்மாவே கடைசியில் அப்படித்தான் கூப்பிட்டார். லாரியில் அடிபட்டு அவன் போய் இரண்டு மாதமாகிறது. ஸ்டூடியோவில் அவன் பாதிக்குள் நான் இன்னும் காலெடுத்து வைக்கவில்லை.

மார்ச் 7

எழுதினேன். "இருளின் மௌன மொழியில், முடிவை நோக்கிய ஓர் ஆன்மாவின் பயணம்." வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை மாதிரி — பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

மார்ச் 11

கொக்கின் அக்கா வந்திருந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு முறை படிப்பவர். நான் எழுதியதைக் கேட்டு வாங்கினார். படித்து முடித்து, தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"'முடிவை நோக்கிய'ன்னு போட்டிருக்கியே. என்ன முடிவு?"

"அது சும்மா... ஒரு அழகுக்காகக்கா."

"அழகா? லாரிக்காரன் போலீஸ்ல என்ன சொன்னான்னு உனக்குத் தெரியும்ல? 'அவரா வந்து குறுக்க நின்னாரு'ன்னான். அது அம்மா காதுக்குப் போயிடக்கூடாதுன்னு நான் படாத பாடு படறேன். நீ அச்சடிச்சே கொடுத்துடுவ போலிருக்கு."

கவிழ்த்த தாளை எடுத்து மடித்துக்கொண்டேன். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அவன் மனசுல ஏதாவது இருந்துச்சா? தெரிஞ்சா சொல்லிடு."

தெரியாது என்றேன். உண்மை அதுதான். ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர்கள் நாங்கள். இருந்தும் — தெரியாது.

மார்ச் 12

கிழித்துப் போட்டேன்.

மார்ச் 15

இன்று அவன் பாதிக்குள் போனேன். படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். கண்ணில் படுவதை மட்டும் எழுதுவது, மனதில் படுவதை எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டளை.

எல்லாமே எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு. கீழே நின்று மேலே பார்த்தது. கைப்பிடி உடைந்த இடம்கூட அப்படியே இருக்கிறது. இரண்டு படங்களில் மேல்படியிலிருந்து வெளிர்மஞ்சள் வெளிச்சம் இறங்கி வருகிறது. வண்ணம் பூசும் கத்தியால் அப்பிய கெட்டி மஞ்சள். அந்த இரண்டின் பின்பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது. மற்றவற்றில் கறுப்பை ஒட்டிய நீலம் மட்டுமே. மெல்லிய பூச்சு, துணியின் இழை தெரிகிறது. மேல்படி வரவேண்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு. ஓரத்தில் ஒட்டிய டேப்பைக்கூட உரிக்கவில்லை. கையெழுத்தும் இல்லை.

அடப்பாவி. இது அடிப்பூச்சுடா!

முதலில் இருட்டைப் பூசுவான். அது காய்ந்த பிறகு வெளிச்சத்தை மேலே ஏற்றுவான். எப்போதும் அப்படித்தான். தினம் தினம் பார்த்தேனே, எப்படி மறந்தேன்? செத்தவன் வரைந்தது என்றதும் கறுப்பெல்லாம் துக்கமாகத் தெரிந்துவிட்டது எனக்கு. இவை இருண்ட படங்கள் இல்லை. முடியாத படங்கள்.

அதனால்? வேலை பாதியில் நிற்கிறது என்பதால் அவன் திரும்பி வரத்தான் நினைத்தான் என்று சொல்லிவிட முடியுமா? பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்களே. படத்தில் அதற்குப் பதில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 20

ஒரு பக்கம்தான் வந்தது. எது முடிந்தது, எது முடியவில்லை, எதை வைத்துச் சொல்கிறேன் — அவ்வளவே. "ஆன்மா" இல்லை. "மௌனம்" இல்லை. கடைசி வரி: "மற்றவற்றை அவர் எப்படி முடித்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது."

ஒரு பக்கம் எழுத இத்தனை நாளா என்று அவன் சிரித்திருப்பான்.

மார்ச் 24

கேலரிக்காரர் நேரில் வரச் சொன்னார்.

"பாதிப் படம்னு போட்டா யாரும்மா வாங்குவா? 'கடைசி இருள்'னு தலைப்பே வெச்சாச்சு. நீங்க எழுதினது தப்புன்னு சொல்லல. உப்புச் சப்பில்லாம இருக்கு. அவர் எப்படிப் போனாருன்னு எல்லாருக்கும் தெரியும். அதை லேசா தொட்டுவிட்டா போதும்."

"எப்படிப் போனான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

மேசையிலிருந்த தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "சரி, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார்.

அக்கா ஏற்கெனவே படங்களை அவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தடுக்க வழியில்லை. வேற என்ன செய்ய?

ஏப்ரல் 18

ஒன்றும் வரையவில்லை. பிரஷ்களைக் கழுவினேன். அவனுடையவற்றையும்.

மே 9

திறப்பு விழா. வாசலிலேயே பெரிய எழுத்தில்: "தன் மரணத்தை முன்பே கண்டுவிட்ட கண்கள்." எழுதியவர் அவனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. டேப்பை உரித்து, சட்டம் போட்டு, விளக்கடியில் மாட்டியிருந்தார்கள். எல்லோரும் தலையைச் சாய்த்து நின்று பெருமூச்சு விட்டார்கள். பல படங்களுக்கு அடியில் விற்றதற்கான சிவப்புப் பொட்டு.

அக்கா எவ்வளவோ சொல்லியும் அம்மா வந்துவிட்டார். வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அம்மா என் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். "நிஜமாம்மா? அவனாவே போனானா?"

"எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சதை எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

"படி."

நடைபாதையில் நின்றபடியே, பையிலிருந்த என் பக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். சத்தமாகப் படிக்கும்போது எந்தச் சொல்லும் தடுக்கவில்லை. அவர் அழவில்லை. "அந்தப் பென்சில் கோடு எங்க இருக்கு? காட்டு" என்றார்.

உள்ளே கூட்டிப் போய்க் காட்டினேன். கூட்டம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த அதே படத்தில், மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். நிமிர அவருக்கு நேரமானது.

ஜூன் 2

அக்கா போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா துக்கம் விசாரிக்கிற சாக்கில், "உங்க பையன் தானாவேதான் போனாராமே" என்று அம்மாவிடம் கேட்டாளாம். அக்காவுக்கு உயிரே போய்விட்டதாம். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாராம்:

"அவன் வேலை பாதியில கிடக்கு. பாதி வேலையை விட்டுட்டு சோத்துக்குக்கூட எந்திரிச்சு வரமாட்டான் என் புள்ள. எழுதியே வெச்சிருக்கா அந்தப் பொண்ணு."

நான் அப்படி எழுதவில்லை. தெரியாது என்றுதான் எழுதியிருந்தேன்.

"அம்மா சொல்றது சரிதானே?" என்றார் அக்கா. எதையும் இரண்டு முறை படிப்பவர்; என் பக்கத்தையும் படித்திருந்தார்.

"சரிதான்கா" என்றேன்.