நோட்டில் எழுதாத வியாழக்கிழமை

ஜூலை 27, ஞாயிறு

பத்து மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். சாவி என்னிடம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. நசரத்பேட்டையில் டைல்ஸ் கடைக்குப் பின்னால் இந்த ஷெட்டைக் கௌதம் ஆரம்பித்தபோது ஆறு பேர். இப்போது நாற்பதுக்கு மேல். பாதிப் பேர் என்னைப் போல ஃபிளாட்டில் குடியேறிய கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், பாதி ஊர்க்காரர்கள். யாரும் வரலாம், இருக்கிற மெஷின்களில் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளலாம். எதைத் தொட்டாலும் வாசலில் தொங்கும் நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். எழுதாதவர்களைத் துரத்திப் பிடிப்பது என் வேலை.

சுலோசனா அக்கா வந்திருந்தார். சென்னீர்குப்பத்தில் டிபன் வண்டி போடுகிறவர். வண்டிக்குப் பக்கத்தில் விரித்து மடக்க ஒரு மேஜை செய்கிறார், மூன்று வாரமாக. “கடையில வாங்குனா நாலு மாசத்துல காலு ஆடுது. நானே செஞ்சா எங்க ஆடுதுன்னாவது தெரியும் இல்ல?” என்றார். கீல் எங்கே வரவேண்டும் என்று ரசாக் பாய் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். பாய்க்குப் பூந்தமல்லியில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. ஞாயிறு முழுக்க இங்கேதான்.

ஜூலை 31, வியாழன்

ஆபீஸ் முடிந்து நேராகப் பட்டறை. யாரும் இல்லை. என் புத்தக அலமாரிப் பலகைகளில் தட்டு செருகுவதற்கு ரம்ப மெஷினில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்தேன். கடைசிப் பலகையின்போது தினகரன் போன். என் மாமியார் சொல்லாமல் வந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாராம். போட்டது போட்டபடி ஓடினேன்.

ஆகஸ்ட் 2, சனி

சுலோசனா அக்காவின் இடது கை. இரண்டு விரல் நுனி. ரம்ப மெஷின்.

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன்.

நேற்றுக் காலை பதினோரு மணி இருக்கும். நான் மறுபக்கம் ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ரம்பத்தின் சத்தம் ஒரு நொடி மாறியது. அக்கா அலறவில்லை. “பிரியா, துணி ஏதாச்சும் குடு” என்றார். அவ்வளவுதான். பாய் தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றி, தன் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நுனிகளை ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

அவர்கள் போனபிறகு மெஷினைப் பார்த்தேன். ரம்பத்தின் மேல் மூடி இல்லை. கை படாமல் இருக்கத்தான் அந்த மூடி. காடி எடுக்கும்போது மட்டும் அதைக் கழற்றியாக வேண்டும். முடித்ததும் மாட்ட வேண்டும்.

மெஷினுக்கு அடியில் கிடந்தது. நான் வைத்த இடத்தில்.

வியாழக்கிழமை. நான்தான். நோட்டிலும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தினகரனிடம் சொன்னேன். சாப்பாட்டில் கை வைத்தபடியே கேட்டான். “உன்னை யாராவது கேட்டாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் நீயா போய் ஏன் சொல்ற? போலீஸ் கேஸ் ஆனா உன் வேலை என்ன ஆகும், யோசிச்சியா?”

எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதியாக வேண்டும்—நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். கை பெரிய கட்டாக வயிற்றின்மேல் கிடந்தது. நான் கேட்காமலே சொன்னார். “மூடி இல்லாம கீதேன்னு பாத்தேன் பிரியா. நீங்கல்லாம் படிச்சவங்க, ஏதோ காரணமாத்தான் கழட்டி வச்சிருப்பீங்கன்னு நெனச்சிகினேன்.”

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூட்டம். முப்பது பேர். கௌதம் நோட்டைப் பிரித்து வாசித்தான். ரம்ப மெஷினில் அக்காவுக்கு முன் கடைசிப் பெயர் ஜூலை 30, அப்துல் ரசாக்.

“பாய், தப்பா எடுத்துக்காதீங்க. மூடியைக் கழட்டினீங்களா?”

“இல்ல சார். நேரா அறுக்கிற வேலதான். மூடி மாட்டித்தான் இருந்துச்சு.”

யாரும் நம்பவில்லை என்பது தெரிந்தது. பாய் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார். என் முகத்தையும்.

பிறகு பின்னாலிருந்து ஒருவர், எழுத்துப் பரீட்சை வைத்துத் தேறியவர்களை மட்டும் மெஷினில் விடலாம் என்றார். பரீட்சை ஆங்கிலத்தில். அக்கா, பாய் இருவரையும் வெளியே நிறுத்தும் விதி என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்திருக்கும். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னான் கௌதம்.

நானும் தூக்கினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸில் மூன்று மீட்டிங். மூன்றிலும் நன்றாகப் பேசினேன். நேற்று வாய் எங்கே போச்சு?

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் பட்டறையில் பாய் தனியாக ரம்ப மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடியை மாட்டுகிறார், கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார்.

“என்ன பாய்?”

“எனக்கே சந்தேகமா கீதுமா. நானே கழட்டிட்டு மறந்துட்டேனா? வயசாவுது இல்ல. முந்தாநாளு கடைச் சாவிய ரொம்ப நேரம் தேடினேன், பாக்கெட்லயே கீது. அந்த மாதிரி இதுவும்...” மூடியைத் திருப்பிப் பார்த்தார். “அந்தப் பொண்ணு வெரல நான்தான் எடுத்துட்டேனோ?”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “நீங்க இல்ல பாய். நான்தான். வியாழக்கிழமை நான் கழட்டினேன், மாட்டல, நோட்டுல எழுதவும் இல்ல”—எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

பாய் கையிலிருந்த மூடியை மெஷின்மேல் வைத்தார். “தொழுகையில நின்னாலும் இதே நெனப்புமா, மூணு நாளா” என்றார். எழுந்து போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வருமுன் ஜூலை 31 என்று போட்டு நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, நடந்ததைச் சொல்லி, எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கௌதம் உடனே போன் செய்தான். “என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?” முதலில் சொல்லியிருக்க வேண்டியது அவனிடம் இல்லை.

தினகரன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போனேன். குழுவில் போட்டதை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள், தெரிந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

“வெரலு போனது போச்சு. மறந்துட்ட, யாருக்கும் வர்றதுதான். அந்த மனுசன் மூணு தபா என் ஊட்டாண்ட வந்து பழத்த வச்சிட்டு அழுதுட்டுப் போனாரு. அத்தன பேரு முன்னால அவர கேக்கசொல்லோ நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

“சும்மா இருந்தேன்கா.”

“அதான் எனக்கு ஆறல. போ. இப்ப ஒண்ணியும் பேசாத.”

வாசலில் குனிந்து செருப்பு மாட்டினேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அங்கே அழ எனக்கு என்ன உரிமை?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடி கூட்டம். கௌதம் பாயிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். நானும் கேட்டேன். “சரிங்க” என்றார், இருவருக்கும் சேர்த்து ஒரே தடவை. பரீட்சை விதியை எடுத்துவிட்டார்கள். மூடி இல்லாவிட்டால் மோட்டார் ஓடாதபடி ஒரு சுவிட்ச் வைப்பது என்று முடிவு. பாயும் இன்னும் இரண்டு பேரும் செய்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அக்காவின் சிகிச்சைக்கு வேண்டியதெல்லாம் என் பொறுப்பு என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

சாவியை மேஜைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு பாய் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்கா போன். “நாளைக்கு ஆஸ்பத்திரி. தங்கச்சி வண்டியப் பாத்துக்கணும். ஒன்னால வர முடியுமா?”

லீவு போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

மூன்று மணி நேரம் வரிசை. அக்கா டோக்கன் நம்பரை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். முதல் முறையாகப் பார்த்தேன். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மேல் கணுவோடு நின்றுவிட்டன. புதுத்தோல் இளஞ்சிவப்பாக, இறுகி இருந்தது. விரல் விறைத்துப்போகாமல் இருக்கத் தினமும் யாராவது பிடித்து மடக்கிவிட வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, “இவங்க யாரு, தங்கச்சியா?” என்று கேட்டார்.

“இல்ல. கூட வந்துகீது” என்றார் அக்கா.

“அப்போ நீங்க கத்துக்குங்க” என்று டாக்டர் செய்து காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்.

அக்கா கையை நீட்டினார். பிடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பயந்து பயந்து மடக்கினேன்.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.